தையல் எத்தனை?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் மூன்று கேள்வி கேட்பார்கள். எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு ஆச்சு, தையல் எத்தனை. முதல் இரண்டுக்கும் அம்மாவிடம் பதில் இருந்தது. மூன்றாவதற்கு, "தையலே போடலையே" என்றாள். கேட்டவர்கள் முகத்தில் இருந்த கவலை அந்த இடத்தில் சட்டென்று வடிந்துவிடும். கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு, "அப்போ பெரிசா ஒண்ணும் இல்லன்னு சொல்லு" என்பார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே எழுந்து காபி போடப் போவாள். ஆபரேஷன் ஆகி நான்காம் நாள் அது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தக் காபி டம்ளர்கள் இன்னும் எனக்குள் உருண்டுகொண்டிருக்கின்றன. அதில் ஒரு டம்ளர் நான் குடித்தது.

அம்மா தையல்காரி என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவள் கடை. ஒரு மிதி மெஷின், துணி வெட்ட ஒரு பழைய மேஜை, ஆணியில் தொங்கும் ஜாக்கெட்டுகள். 25 வருஷமாகத் தைக்கிறாள். அவளிடம் வந்து தையல் எத்தனை என்று கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரத்தானே செய்யும்.

மீன் முள், கேஸ், மனசு

தொடக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெத்திலிக் குழம்பு. இரண்டாவது கவளத்தில் நெஞ்சுக்குழியில் ஏதோ நின்றுவிட்டது என்றாள். கடலோர ஊரில் இதற்கு யோசிக்கவே மாட்டார்கள். முள். வெறும் சோற்றை உருட்டி மெல்லாமல் முழுங்கு, வாழைப்பழத்தைப் பெரிதாகக் கடித்து முழுங்கு. முழுங்கினாள். அதுவும் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாதத்தில் முள் கதை முடிந்து கேஸ் கதை ஆரம்பித்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் விழுங்கினாள். நடுவில் ஒரு எண்டோஸ்கோப்பி எடுத்தோம், எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. நார்மல் என்று காகிதத்தில் வந்த பிறகு மனிதர்கள் அடுத்த படிக்கு இறங்கிவிடுகிறார்கள். "மனசுல எதையோ போட்டு வச்சுக்கிட்டு இருக்கா" என்று சொன்னது வெளியாள் இல்லை, அப்பாதான்.

சாப்பிடும்போது பாதியில் எழுந்து நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவாள். அப்படிச் செய்தால் சோறு கீழே இறங்குகிறது என்று தானே கண்டுபிடித்து வைத்திருந்தாள். கல்யாண வீட்டுப் பந்தியில் அப்படி நிற்க முடியாதே, அதனால் பந்திக்குப் போவதையே நிறுத்தினாள். ராத்திரி படுத்தால் சாப்பிட்டது தலையணைக்கு வரும். மூன்று தலையணை அடுக்கி உட்கார்ந்தவாக்கில் தூங்கினாள். அந்த வருஷம் பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழத்தை எங்களுக்கு உரித்துப் போட்டுவிட்டு, ஒரு சுளையை மென்று சாற்றை மட்டும் விழுங்கிச் சக்கையைத் துப்பினாள்.

எங்கள் யாரையும்விட முன்னால் இதைக் கணக்கு வைத்திருந்தது அவளுடைய அளவு நோட்டுதான். வாடிக்கையாளர் அளவெல்லாம் எழுதுகிற நீள நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் தன் அளவையும் எழுதி வைத்திருந்தாள். மார்பு 38. அதை அடித்து 36½. அதை அடித்து 35. அதையும் அடித்து 34. தன் ஜாக்கெட்டைத் தானே மூன்று தடவை பிடித்துத் தைத்திருக்கிறாள். டாக்டர்கள் "வெயிட் குறைஞ்சிருக்கா?" என்று கேட்டபோது அவள் இன்ச்சில் பதில் சொன்னாள். ஒருவரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும்தான்.

அப்பருக்குச் சூலை நோய் வந்தது எங்கள் ஊரில்தான் என்று சொல்வார்கள். இங்கே சமணப் பள்ளியில் தலைவராக இருந்தார், வயிற்றுக்குள் வலி பிடித்தது, கூட இருந்தவர்கள் மருந்தும் மந்திரமும் பார்த்துக் கைவிட்டார்கள், திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் போய் விழுந்தார் என்று கதை போகும். சின்ன வயதில் பக்திக்காகக் கேட்ட கதை. இப்போது கேட்டால் எனக்கு அந்த அக்காதான் கண்ணில் நிற்கிறார். வலி எங்கே, காட்டு என்று அவர் கேட்டதாக யாரும் சொல்வதில்லை.

கடைசியில் புதுச்சேரிக்குப் போனோம். எங்கள் மாவட்டத்தில் உடம்பு முற்றினால் வண்டி அந்தப் பக்கம்தான் திரும்பும். தென்பெண்ணைப் பாலம், முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று 20 கிலோமீட்டர் சொச்சம். அங்கே ஒரு டாக்டர், பெயர் வேண்டாம், இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "தண்ணி குடிச்சாலும் நிக்குதாம்மா?" அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. அசிடிட்டி என்றால் தண்ணீர் நிற்காது. முள் என்றாலும் நிற்காது. பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். உணவுக்குழாய் மேலே அகலமாக விரிந்து, இரைப்பையைத் தொடுகிற இடத்தில் கூராகக் குறுகியிருந்தது. பறவையின் அலகு மாதிரி என்று மருத்துவப் புத்தகங்களில் போட்டிருக்குமாம். அம்மா படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "நல்லா பிடிச்ச டாட் மாதிரி இருக்கு டாக்டர்" என்றாள். ஜாக்கெட்டில் மார்புக்குக் கீழே கூராக மடித்துத் தைப்பார்களே, அந்த டாட்.

நோயின் பெயர் அகலேசியா. உணவுக்குழாயின் அடியில் ஒரு வளையத் தசை இருக்கிறது. சாப்பாடு வரும்போது அதைத் தளரச் சொல்லும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகின்றன. சொல்ல ஆளில்லாமல் தசை இறுகியே கிடக்கிறது. ஒரு லட்சம் பேரில் வருஷத்துக்குப் புதிதாகச் சுமார் ஒருவருக்கு வருகிற நோய், ஆனால் பழைய நோய். 1674-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், திமிங்கில எலும்பின் நுனியில் ஸ்பாஞ்சைக் கட்டி, ஒரு நோயாளியின் தொண்டை வழியாகச் சோற்றைத் தள்ளிவிட ஏற்பாடு செய்திருக்கிறார். 1913-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர் உடம்பைத் திறந்து அந்தத் தசையை வெளிப்பக்கமாக வெட்டிவிட்டார். அதையே இப்போது வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்கிறார்கள். இன்னொரு வழி, பலூனை உள்ளே விட்டு ஊதி விரிப்பது. மூன்றாவது வழி வாய் வழியாகவே போய்த் தசையை உள்ளிருந்து வெட்டுவது. அதற்கு போயம் என்று பெயர். Peroral Endoscopic Myotomy என்ற நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அப்படி வருகிறது. "கவிதைன்னா சொல்றாங்க?" என்று அப்பா கேட்டார். இரண்டு வருஷத்தில் அவர் இந்த விஷயத்தில் காட்டிய முதல் ஆர்வம் அது.

பாவாடை நாடா

உடம்பில் ஏற்கெனவே இருக்கிற வாசல்கள் வழியாகவே உள்ளே போய் அறுவை செய்தால் என்ன என்பது பார்க்கப்போனால் வெகுநாள் ஆசை. 1868-இல் ஜெர்மனியில் குஸ்மால் என்பவர், கத்தி விழுங்கி வித்தை காட்டும் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் தொண்டைக்குள் நேரான குழாயை இறக்கி இரைப்பையைப் பார்க்க முயன்றார். வேறு யாரால் அந்தக் குழாயை விழுங்க முடியும்? பிற்பாடு குழாய் வளைந்தது, வெளிச்சம் வந்தது, கேமரா வந்தது, நுனியில் கத்தியும் வந்தது. ஆனால் எல்லாம் குழாய்க்கு உள்ளேயே நடக்கிற வேலை. குழாயின் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகத் துணிந்தது 2000-க்குப் பிறகு. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த அந்தோணி கல்லூவும் கூட்டாளிகளும் பன்றிகளின் வாய் வழியாகப் போய், இரைப்பைச் சுவரில் துளை போட்டு, வயிற்றறைக்குள் எட்டிப் பார்த்ததை 2004-இல் எழுதினார்கள். 2004 என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு டிசம்பர் 26 தவிர வேறு எதுவும் ஞாபகம் வராது. அந்த வருஷம் உலகத்தில் வேறு காரியங்களும் நடந்திருக்கின்றன என்று இதைப் படிக்கும்போதுதான் உறைத்தது.

மனிதரிடம் இதை முதலில் செய்துகாட்டியது ஹைதராபாத்தில். ஜி.வி.ராவ், நாகேஷ்வர் ரெட்டி இருவரும் ஒருவரின் குடல்வாலை இரைப்பை வழியாக, வாயிலிருந்தே எடுத்தார்கள். அந்த நோயாளிக்கு வயிற்றுப் பக்கம் மோசமான தீக்காயம், மேலே கத்தி வைக்க நல்ல தோல் இல்லை. தழும்பில்லா அறுவை சிகிச்சையின் கதை உடம்பெல்லாம் தழும்பான ஒருவரிடம் ஆரம்பித்திருக்கிறது. 2007-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ழாக் மாரெஸ்கோ குழுவினர் ஒரு பெண்ணின் பித்தப்பையைப் பிறப்புறுப்பு வழியாக எடுத்தார்கள். அதற்கு அனுபிஸ் என்று எகிப்தியக் கடவுளின் பெயர் வைத்தார்கள், பிணங்களைப் பதப்படுத்தும் வேலைக்குரிய கடவுள். பிழைக்க வந்தவளுக்குச் செய்கிற ஆபரேஷனுக்கு இந்தப் பெயர்தானா கிடைத்தது என்று எனக்குத் தோன்றியது. சரி, அவர்கள் இஷ்டம்.

கொஞ்ச வருஷம் உலகமே இதைப் பற்றிப் பேசியது, அப்புறம் வேகம் குறைந்துவிட்டது. இரைப்பையில் போட்ட துளையைக் கசியாமல் மூடுவது லேசான வேலை இல்லை. மூடியது விட்டுவிட்டால் இரைப்பையில் இருப்பது வயிற்றறைக்குள் இறங்கும், உயிருக்கே ஆபத்து. வயிற்றில் அரை இன்ச் ஓட்டை போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பி ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது, அந்த அரை இன்ச்சை மிச்சம் பிடிக்க இவ்வளவு பாடா என்று பலரும் ஒதுங்கிக்கொண்டார்கள். நிலைத்து நின்ற சிலவற்றில் ஒன்று போயம். ஜப்பானின் யோகோஹாமாவில் ஹருஹிரோ இனோவே 2008-இல் முதல் நோயாளிக்குச் செய்தார்.

அது ஏன் நிலைத்தது என்பதை டாக்டர் ஒரு படம் வரைந்து விளக்கினார். எனக்குப் புரியவில்லை, அம்மாவுக்குப் புரிந்தது. உணவுக்குழாய்க்கு உள்ளே ஒரு மெல்லிய சவ்வு, அதற்கு வெளியே தசை. கேமராவோடு போகிறவர் தசை இறுகிய இடத்தில் நேராகக் கத்தி வைப்பதில்லை. அரைச் சாண் போல மேலே, சவ்வில் மட்டும் 2 சென்டிமீட்டர் கீறி, சவ்வுக்கும் தசைக்கும் நடுவே நுழைந்து, கீழே இரைப்பை வரை சுரங்கம் தோண்டிக்கொண்டு போகிறார். போய்ச் சேர்ந்ததும் சுரங்கத்துக்குள் இருந்தபடியே தசையை நீளவாக்கில் வெட்டுகிறார். வெளியே வந்து நுழைந்த வாயைக் கிளிப் போட்டு மூடுகிறார். தசையில் வெட்டு ஓரிடம், சவ்வில் கீறல் வேறிடம். இரண்டும் நேருக்கு நேர் வராததால் கசிவுக்கு வழி குறைவு. அம்மா தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பாவாடைக்கு நாடா கோர்க்கிற மாதிரி. ஓரமா ஒரு வாய் விட்டு, ஊக்கை உள்ள விட்டுத் தள்ளிக்கிட்டே போறது. இங்க நாடாவை இழுத்துக் கட்டாம அறுத்து விடுறீங்க." டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்புறம் அவள், "கடைசியா தைக்க மாட்டீங்களா, வெறுமனே பின் குத்தி விட்டுடுவீங்களா?" என்று கேட்டாள். சில வாரத்தில் சவ்வு ஒட்டிக்கொள்ளும், கிளிப்புகள் தானே உதிர்ந்து போய்விடும் என்றார். அது மட்டும் அவளுக்குத் திருப்தியாக இல்லை.

நான்காம் நாள், ஆறாம் நாள்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஏதோ மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்து, கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, தண்ணீர் கொடுத்தார்கள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே இருந்தாள். கை தன்னால் பாதி வரை மேலே போய், வேண்டாம் என்று கீழே வந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். வருகிற வழியில் சாலையோரம் ஒரு பெரிய போர்டு, எந்த ஆஸ்பத்திரி என்று பார்க்கவில்லை: கத்தியில்லை, தழும்பில்லை, மறுநாளே வேலைக்குப் போகலாம். அப்போது எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் ஆபரேஷன் என்றால் பெரியம்மாவின் பித்தப்பைதான் அளவுகோல். வயிற்றைத் திறந்து செய்த காலம். வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கோணலாகத் தழும்பு, இரண்டு பக்கமும் தையல் புள்ளிகள், தண்டவாளம் மாதிரி. மூன்று மாதம் பெரியம்மா ஒரு டம்ளரைத் தூக்கவில்லை. ஊரே வந்து பார்த்தது, பெரியப்பா சமைத்தார், பெரியப்பா! வருகிற பெண்களிடம் முந்தானையை லேசாக விலக்கிக் காட்டுவாள். அவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு, படுத்துக்கோ படுத்துக்கோ என்பார்கள். இன்றைக்கும் குடும்பத்தில் ஏதாவது வாக்குவாதம் வந்தால் பெரியம்மாவின் கை வலது விலாவுக்குப் போகும். பேச்சு அடங்கிவிடும்.

அம்மாவிடம் காட்ட ஒன்றும் இல்லை. அத்தை, அப்பாவின் தங்கை, நெல்லிக்குப்பத்திலிருந்து வந்தவர், கழுத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். "அண்ணி, எங்கதான் பண்ணாங்க?" என்றார். வாய் வழியாக என்றதும், "அட, எண்டோஸ்கோப்பிதானே. எங்க வீட்டுக்காரருக்கும் எடுத்தாங்க, பத்து நிமிஷம்" என்றார். இன்ஷூரன்ஸ்காரர்களும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டு எழுதியிருந்தார்கள், கொஞ்சம் நல்ல ஆங்கிலத்தில். ஐந்தாம் நாள் ஒரு வாடிக்கையாளர் முகூர்த்த ஜாக்கெட்டுக்காக வந்து நின்றார். அம்மா மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறாம் நாள் நான் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்க எட்டரை மணி. தட்டில் தோசை இருந்தது. "சட்னி அரைக்கலையா?" என்றேன். கோபமில்லை, குறையுமில்லை, தினம் கேட்கிற மாதிரி கேட்டேன். அவள் அவசரமாக எழுந்து, கீழே இருந்த மிக்ஸியைத் தூக்கக் குனிந்தவள், பாதியில் நெஞ்சுக்கூட்டைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "ஒண்ணுமில்லடா, உள்ள சுருக்குன்னுது." அவளுக்கே கூச்சமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. காயம் இல்லாத இடத்தில் வலிக்கிறதே என்ற கூச்சம்.

அவளை உட்காரவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கவரை எடுத்தேன். பில்லை மட்டும் அதற்குள் நான்கு தடவை படித்திருந்தேன். டிஸ்சார்ஜ் காகிதத்தின் இரண்டாம் பக்கத்தில், இரண்டு வாரம் கனம் தூக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது, குழைந்த சாப்பாடுதான் கொடுக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும். கவரின் அடியில் ஒரு பென்டிரைவ் கிடந்தது. இன்ஷூரன்ஸுக்கு உதவும் என்று டாக்டர் கொடுத்தது. லேப்டாப்பில் போட்டேன்.

இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குகை. நொடிக்கு ஒருமுறையாவது அதன் ஒரு பக்கச் சுவர் துடித்துத் துடித்து உள்ளே வந்தது. என்ன அது என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பக்கத்தில் இருக்கிற இதயம். ஒரு ஊசி வந்து குத்தியதும் சவ்வு நீல நிறத்தில் கொப்புளமாக எழும்பியது. கத்தி அதைக் கீறியது, கேமரா அந்தக் கீறலுக்குள் தலையை நுழைத்தது. உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள். கத்தி தொடத்தொட அவை பொசுங்கி விலகின, புகை வந்து போனது. குறுக்கே ஒரு ரத்தக்குழாய் வந்தது. இடுக்கி அதைப் பிடித்துச் சுட்டு வெளுக்கவைத்து அறுத்தது. கீழே போகப்போகச் சுரங்கம் இறுகியது. அப்புறம் தசை. வளையம் வளையமாக நார்கள், கத்தி ஒவ்வொன்றையும் கொக்கி போட்டு இழுத்து, ஒரு பொறி, அறுந்து இரண்டு பக்கமும் சுருங்கி ஓடியது. இன்னொன்று. இன்னொன்று. 10 சென்டிமீட்டர். அம்மாவின் கட்டிங் டேபிளில் கிடந்த டேப்பில் அளந்து பார்த்தேன், நாலு இன்ச். இதயத்தை ஒட்டி, உள்ளே, நாலு இன்ச் வெட்டியிருக்கிறது, நான் அதன்மேல் சட்னி கேட்டிருக்கிறேன்.

எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை, அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி கிளிப் விழுகிற வரை ஒன்றும் பேசவில்லை. மனசுல எதையோ போட்டு வச்சுக்கிட்டு என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது, அவருக்கும் வந்திருக்கும். அன்று ராத்திரி இட்லிப்பொடியோடு தோசை சாப்பிட்டோம்.

இப்போது அம்மாவுக்கு எல்லாம் இறங்குகிறது. பலாச்சுளையும். வாசலைத் திறந்துவிட்டால் உள்ளே போவது மாதிரி அமிலம் மேலேயும் வருமே, அதற்கு மாத்திரை போடுகிறாள். போயம் செய்துகொண்ட பலருக்கும் இது உண்டு என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். அளவு நோட்டில் 34-ஐ அடித்துவிட்டு 35½ என்று எழுதியிருக்கிறாள். அந்த வீடியோவைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னாள். முழுதாக வேண்டாம், வெட்டுகிற இடம் மட்டும். போன வாரம் அத்தை வந்தபோது, பேச்சு எப்படியோ அந்தப் பக்கம் திரும்பியதும், கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து நீட்டினாள். அத்தை முழுசும் பார்த்துவிட்டு, "ஐயோ... இது உங்க தொண்டைதானா அண்ணி, இல்ல நெட்டுல எடுத்ததா?" என்றார்.

அம்மா திரையின் இடது மூலையில் விரலை வைத்துக் காட்டினாள். அங்கே சின்னதாக ஆங்கிலத்தில் அவள் பெயர் ஓடுகிறது, பக்கத்தில் வயது. வயதில் இரண்டு கூடப் போட்டிருக்கிறார்கள். அதை மாற்றித் தருவார்களா, புதுச்சேரிக்குப் போகும்போது கேட்டுப் பாரேன் என்கிறாள்.